மருத்துவ நூலகராக வர என்ன படிக்க வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

துஷி_வெள்ளவத்தை

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். ஆறுதலாக வாசித்துப் பதில் போடுங்கள்.

எனக்கு 26 வயது. ஊர் பண்டாரவளை, இப்போது வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன். உயர்தரத்தில் கலைப்பிரிவு, தமிழ் மொழிமூலம். கம்பஸ் கிடைக்கவில்லை. இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவில் இரண்டு மட்டம் முடித்துவிட்டேன், மூன்றாவது மிச்சம். ஒன்றரை வருடமாக ஒரு தனியார் தாதியர் கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலை. இரண்டு வகுப்பறைகளுக்கு நடுச்சுவரை உடைத்துச் சேர்த்த இடம்தான் நூலகம். பொறுப்பாக இருந்த மிஸ் போன வருடம் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை.

புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பட்டியல் போடுவது எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. நான் திணறுவது பிள்ளைகள் கேள்வியோடு வரும்போதுதான். போன மாதம் ஹட்டனிலிருந்து வந்து படிக்கும் ஒரு பிள்ளை, "அக்கா, படுக்கைப் புண் வராமல் இருக்க நோயாளியை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும்" என்று கேட்டாள். நான் கூகுளில் தேடி நாலைந்து பக்கம் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். விரிவுரையாளர் அதைப் பார்த்துவிட்டு "இது ஆதாரம் இல்லை, விளம்பரம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மெத்தை விற்கும் கம்பனிகளின் பக்கங்களாம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. என்னை நம்பித்தானே வந்தாள்.

அதன் பிறகு ஒரு ஆஸ்பத்திரி நூலகத்தில் வெற்றிடம் என்று கேள்விப்பட்டு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். "மெஷ் தெரியுமா?" என்று கேட்டார்கள். நான் அந்தச் சொல்லையே கேள்விப்பட்டதில்லை. அதற்குப் பிறகு அவர்கள் கேட்டது ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, விட்டுப் போக மனம் இல்லை. மருத்துவ நூலகராக ஒழுங்காகப் பயிற்சி பெற எங்கே போக வேண்டும்? களனியா, கொழும்பா? உயிரியல் படிக்காதவள், ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், பேச வராது. இதை வைத்துக்கொண்டு இந்தத் துறைக்குள் போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரதீப்_தெஹிவளை

துஷி, முதலில் டிப்ளோமாவின் மூன்றாவது மட்டத்தை முடியுங்கள். அரைகுறையாக விட்டால் அது எந்த விண்ணப்பத்திலும் எடுபடாது.

அடுத்தது பட்டம். பல்கலைக்கழக நூலகங்களில் உதவி நூலகர் என்பது கல்விசார் பதவி, பட்டம் இல்லாமல் அந்த வாசலுக்கே போக முடியாது. களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக தகவல் விஞ்ஞானத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. நீங்கள் வேலையில் இருப்பதால் வெளிவாரியாக ஏதாவது ஒரு பட்டம் எடுத்துவிட்டு, அதற்கு மேல் நூலக விஞ்ஞானத்தில் முதுமாணி செய்வது நடக்கக்கூடிய வழி. அதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1999இல் தொடங்கிய தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது, நான் அங்கேதான் படித்தேன். அனுமதி விதிகள் மாறிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு முறையும் விளம்பரத்தை முழுதாக வாசியுங்கள்.

நான் வேலை செய்வது ஒரு வங்கியின் நூலகத்தில். மருத்துவப் பக்கம் எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பட்டியல்அட்டை

துஷி பிள்ளை,

பிரதீப் தம்பி சொன்ன படிப்பு வழி சரி. நான் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. நான் 1992இல் கொழும்பில் ஒரு மருத்துவ நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, அண்மையில் ஓய்வு பெற்றவள். உம்மைப் போலக் கலைப்பிரிவு. அதனால் உம்முடைய கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன்.

உயிரியல் படிக்காமல் வரலாம். ஆனால் உடம்பின் சொற்களைப் படிக்காமல் ஒரு நாளும் இந்த மேசையில் இருக்க முடியாது. நான் சேர்ந்த முதல் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பயிற்சியில் இருந்த ஒரு தம்பி "வாதம் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் எழும்பி அலுமாரிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் தலைமை நூலகர் சிங்களவர், தமிழ் வடிவாகப் பேசுவார். இருந்த இடத்திலிருந்தே, "எந்த வாதம் தம்பி? பாரிசவாதமா, முடக்குவாதமா, இளம்பிள்ளைவாதமா?" என்று கேட்டார். நான் அப்படியே நின்றுவிட்டேன். முதலாவது நரம்பு மண்டலம், இரண்டாவது மூட்டும் எலும்பும், மூன்றாவது தொற்றுநோய். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பகுப்பு முறையில் டபிள்யூ.எல்., டபிள்யூ.இ., டபிள்யூ.சி. என்று மூன்றும் மூன்று இடத்தில் இருக்கும். தமிழில் ஒரே சொல்லின் வால். அந்தத் தம்பிக்கு வேண்டியது பாரிசவாதம், அதிலும் பேச்சு திரும்ப வருவதைப் பற்றி. அலுமாரிக்கு நடப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு அவரிடம் கற்றுக்கொண்டேன். டிப்ளோமாவில் இதற்கு ஒரு பாடமும் பெயரும் உண்டு. எனக்கு அது மனதில் பதிந்தது அன்றைக்குத்தான்.

உமக்கும் அதே இடத்தில்தான் தவறியது. "படுக்கைப் புண்" என்று அந்தப் பிள்ளை கேட்டாள், நீர் அதை அப்படியே ஆங்கிலத்தில் "பெட்ஸோர்" என்று போட்டிருப்பீர். அது வீட்டில் பேசுகிற சொல். பழைய டொக்டர்மார் "டெக்யூபிட்டஸ் அல்சர்" என்று எழுதினார்கள். பிறகு "பிரஷர் அல்சர்" வந்தது. 2016இலிருந்து பலர் "பிரஷர் இஞ்சரி" என்று எழுதுகிறார்கள். புண் ஒன்றுதான், பெயர் நாலு. மெஷ் என்பது இந்த நாலையும் ஒரு தலைப்புக்குக் கீழ் கட்டி வைக்கிற சொற்பட்டியல். அதே அமெரிக்க நூலகம் 1960இல் வெளியிடத் தொடங்கி, ஒவ்வொரு வருடமும் திருத்திக்கொண்டு வருகிறது. அதே நூலகத்தின் இலவசத் தேடுதளமான பப்மெட்டில் உள்ள பெரும்பாலான கட்டுரைகளுக்கு அந்தத் தலைப்புகளைத்தான் போடுகிறார்கள். நேர்முகத்தில் உம்மிடம் கேட்டது இதைத்தான். ஒரு வார விடுமுறையில் படித்துவிடலாம், அதற்காக மனம் உடைய வேண்டாம்.

அடுத்து, நான் விட்ட பிழை ஒன்று. இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். உமக்குப் பயன்படும், எழுதுகிறேன்.

2009 ஆக இருக்க வேண்டும். ஒரு டொக்டர் வந்து, மஞ்சள் அலரி விதை நஞ்சுக்குக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது பலன் தருமா, என்ன ஆராய்ச்சி இருக்கிறது, கூட்டத்தில் பேச வேண்டும் என்றார். அந்த நஞ்சு எங்கள் நாட்டின் பிரச்சினை. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கூடத் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. நான் கட்டுரைத் தலைப்பில் மட்டும் தேடும்படி கட்டளை போட்டு, "யெலோ ஓலியண்டர்" என்று அடித்தேன். 2003இல் 'லான்செட்'டில் வந்த ஆய்வு நேரே வந்து விழுந்தது. அனுராதபுரத்தில் 401 நோயாளிகள், கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தவர்களில் இறப்பு குறைவு. நல்ல பத்திரிகை, எங்கள் நாட்டு ஆய்வு, கேள்விக்கு நேரான பதில். பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு அன்றைக்கு மிகவும் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் அவர் திரும்ப வந்தார். கோபப்படவில்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "2008 ஆய்வைப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார். அதுவும் 'லான்செட்', அதுவும் இலங்கை. 4,632 பேர், அவர்களில் பெரிய பங்கு அலரி விதை உண்டவர்கள். கரி ஒருமுறை கொடுத்தும், பலமுறை கொடுத்தும், கொடுக்காமலும் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. அந்தக் கட்டுரையின் தலைப்பில் அலரி என்ற சொல்லே இல்லை. நஞ்சு என்று பொதுவாகத்தான் இருக்கிறது. தலைப்பில் மட்டும் தேடிய எனக்கு அது எப்படி அகப்படும்?

இரண்டு ஆய்விலும் கரி கொடுத்த அளவும் கால இடைவெளியும் ஒன்றல்ல, எது சரி என்று எடைபோடுவது டொக்டரின் வேலை. ஆனால் இரண்டையும் அவருடைய மேசையில் வைத்திருக்க வேண்டியவள் நான். ஒன்றை மட்டும் வைத்தேன். கூட்டத்தில் அவர் அந்த ஒன்றை மட்டும் சொன்னார். அங்கே இருந்த இளம் டொக்டர்மார் எத்தனை பேர் அதை மனதில் வைத்துக்கொண்டு வாட்டுக்குப் போனார்களோ என்று அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு கொப்பி வைத்தேன். ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை, மொத்தம் பதினொரு கொப்பி. நீரும் இன்றைக்கே ஒரு நூறு பக்கக் கொப்பி வாங்கும். இடதுபக்கம் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே கேள்வி. அதற்குக் கீழே, திருப்பிக் கேட்ட பிறகு அந்தக் கேள்வி எப்படி மாறியது என்று. நோயாளி யார், என்ன செய்யப் போகிறார்கள், எதோடு ஒப்பிட, என்ன பலனை எதிர்பார்த்து என்ற நாலும் அதில் வந்துவிட வேண்டும். வலதுபக்கம் தேடிய சொற்கள்: வீட்டுச் சொல், டொக்டர் சொல், பழைய சொல், தாவரம் பாம்பு என்றால் விஞ்ஞானப் பெயர். அதுவும் ஒன்றுக்கு மேல் இருக்கும். மஞ்சள் அலரியைத் தெவெஷியா பெருவியானா என்றும் எழுதுவார்கள், கஸ்கபெலா தெவெஷியா என்றும் எழுதுவார்கள். கண்ணாடி விரியனுக்குப் பழைய கட்டுரைகளில் விப்பெரா என்று இருக்கும், இப்போது டபோயா. டெங்கும் அப்படித்தான். முந்தி "ஹெமரேஜிக் ஃபீவர்" என்று தேடினோம், 2009இல் உலக சுகாதார ஸ்தாபனம் வகைப்படுத்தலை மாற்றிய பிறகு "சிவியர் டெங்கு" என்ற பெயர் வந்தது. பழைய பெயரை மட்டும் தெரிந்தவருக்குப் புதியது கிடைக்காது, புதியதை மட்டும் தெரிந்தவருக்குப் பழையது கிடைக்காது.

கடைசி வரியில் தேடிய திகதி, எங்கே தேடினீர், எத்தனை வந்தது. அதை யாராவது திரும்பச் செய்து பார்த்தால் அதே விடை வர வேண்டும். வராவிட்டால் எங்கே பிழை என்று கொப்பியே காட்டும்.

இப்படி ஐம்பது கேள்வி முடித்தால் நீர் மருத்துவ நூலகத்துக்கான பயிற்சியில் பாதி வந்துவிட்டீர் என்று என்னால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும். நான் படித்த காலத்தில் பட்டியலாக்க விதிகளுக்கு மாதக்கணக்கு, தேடுவதற்கு இரண்டு பிற்பகல். உயிருள்ள கேள்வி ஒன்றைக்கூட ஒருவரும் எங்கள் முன்னால் வைக்கவில்லை. பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் எடும். அதை எடுத்து முடிக்கும்வரை தொழில் பழகுவது காத்திருக்கத் தேவையில்லை.

ஆங்கிலம் பற்றி. மருத்துவச் சொற்களின் தலையையும் வாலையும் படியும். "ஐட்டிஸ்" என்று முடிந்தால் அழற்சி, "எக்டமி" என்றால் வெட்டி எடுத்தது, "ஹெபட்" என்றால் ஈரல், "நெஃப்ர்" என்றால் சிறுநீரகம். ஒரு நூறு தலையும் வாலும் தெரிந்தால் பாதிச் சொற்களை நீரே பிரித்து வாசிப்பீர். பேசுவது தானாக வரும். தமிழ் மொழிமூலம் என்று ஒடுங்கவும் வேண்டாம். இந்த நாட்டில் 1847இல் வந்து இறங்கிய கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். சத்திரசிகிச்சைக்கு 'இரணவைத்தியம்' என்று 1867இல் தமிழில் நூல் வந்துவிட்டது. உம்மிடம் வருகிற பிள்ளைகள் நோயாளியோடு தமிழில் பேசிவிட்டுத்தான் வருகிறார்கள். தமிழ் வார்த்தையைக் கேட்டு மெஷ் தலைப்பைக் கண்டுபிடிக்கிற ஆள் கொழும்பில் குறைவு. உமக்கு அது பலம்.

இன்னொன்று, மற்ற நூலகங்களைப் போய்ப் பாரும். கின்சி வீதியில் 1870இல் தொடங்கிய மருத்துவ பீடம், நொரிஸ் கால்வாய் வீதியில் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், விஜேராம மாவத்தையில் மருத்துவச் சங்கம். கடிதம் ஒன்று கொண்டு போனால் பார்க்கக் கேட்கலாம். இணையம் இல்லாத காலத்தில் ஒரு கட்டுரைப் பிரதிக்காக பஸ் பிடித்து ஒரு நூலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கிறேன். தென்கிழக்கு ஆசிய மருத்துவ நூலகங்களை இணைக்க உலக சுகாதார ஸ்தாபனம் 1979இல் தொடங்கிய ஹெலிஸ் வலையமைப்பும் அந்தக் காலத்தில் எங்களுக்குக் கை கொடுத்தது. இப்போது, வசதி குறைந்த நாடுகளுக்கு மருத்துவ இதழ்களைத் திறந்துவிடும் ஹினாரி என்ற உலக சுகாதார ஸ்தாபனத் திட்டம் வழியாக அதே கட்டுரை நிமிடத்தில் வருகிறது. உங்கள் கல்லூரி அதற்குப் பதிவு செய்திருக்கிறதா, பதிவு செய்ய இடம் உண்டா என்று அதிபரிடம் கேட்டீரா?

டொக்டர்_இரவுப்பணி

மேலே அக்கா எழுதியதை வாட்டில் தேநீர் நேரத்தில் இரண்டு தரம் வாசித்தேன்.

நான் பட்டப்பின் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆராய்ச்சி ஒழுக்கநெறி வகுப்பில் எங்களுக்கு ஒரு சம்பவம் சொல்லித் தந்தார்கள். 2001இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஒரு ஆய்வு. ஆஸ்துமா எப்படி வருகிறது என்று அறிய, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். 24 வயதுப் பெண் ஒருவர் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950களின் கட்டுரைகளில் இருந்திருக்கிறது. ஆய்வாளர் தேடிய பப்மெட்டில் அப்போது 1966இலிருந்துதான் இருந்தது. அதற்கு முந்தியவை அச்சில் வந்த சுட்டித் தொகுதிகளில் கிடந்தன. அதைத் திறந்து பார்க்கச் சொல்ல ஒரு நூலகர் பக்கத்தில் இருந்திருந்தால் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

சகோதரி, நீங்கள் கேட்டது உங்கள் தொழிலுக்கான வழி. எங்களுக்கு அது நோயாளியின் விஷயம். விடிய 2 மணிக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் கையில் இருப்பது போன்தான். முதலில் கண்ணில் பட்டதை வாசிப்பேன். அது எனக்குத் தெரிந்தே நடக்கிறது. அடுத்த நாள் காலையில் "அதை நான் தேடித் தருகிறேன் டொக்டர்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு நிம்மதி. அமெரிக்காவில் 1971இலேயே கன்சாஸ் சிட்டியில் நூலகர்களை டொக்டர்களோடு வாட்டுச் சுற்றுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். கெர்ட்ரூட் லாம் என்ற நூலகர்தான் அதைத் தொடங்கினார். இங்கே அப்படி ஒருவரை நான் இன்னும் கண்டதில்லை.

வாய்ப்புக் கிடைத்தால் ஏதாவது ஒரு பிரிவில் நடக்கும் கட்டுரை வாசிப்புக் கூட்டத்துக்குப் போய் பின்வரிசையில் இருங்கள். ஒரு ஆய்வை நாங்கள் எந்த இடத்தில் பிடித்துக் கேள்வி கேட்கிறோம் என்று பார்த்தால், எதைத் தேடித் தர வேண்டும் என்று உங்களுக்கு விளங்கும். சரி, கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

ஸ்காபறோ_ரமணன்

வணக்கம். முந்தி கொட்டாஞ்சேனை, இப்போது கனடா. ஒரு ஆஸ்பத்திரி நூலகத்தில் 14 வருடம்.

பட்டியல்அட்டை அக்காவோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கொப்பி நல்லது, ஆனால் கொப்பியை யாரும் சம்பளப் பட்டியலில் போட மாட்டார்கள். இங்கே இந்தத் தொழிலுக்கு மதிப்பு வந்ததே நூலகர்கள் ஒன்றாகச் சேர்ந்து தகுதியை எழுத்தில் வைத்ததால்தான். அமெரிக்க மருத்துவ நூலகச் சங்கம் 1898இல் பிலடெல்ஃபியாவில் நாலு நூலகர்களும் நாலு டொக்டர்களும் கூடித் தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே இரண்டு தரப்பும் ஒரு மேசையில். இப்போது அவர்கள் முதுமாணி, அனுபவம், தொடர் பயிற்சி எல்லாவற்றையும் கணக்கெடுத்துப் படிநிலையாகத் தகுதி கொடுக்கிறார்கள். அதுவும் ஒருமுறை எடுத்துவிட்டால் முடிந்தது என்று இல்லை, காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தில் புதிதாகப் படித்து வருபவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி இருக்கிறது. இலங்கையிலும் மருத்துவ நூலகர்களுக்கென்று தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும், அதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

துஷிக்கு உடனே பயன்படக்கூடியது ஒன்று. உங்கள் அதிபரிடம் பேசப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ரொசெஸ்ரர் ஆய்வு என்று ஒன்று, 1992இல் வெளிவந்தது. நியூயோர்க் மாநிலத்தில் ரொசெஸ்ரர் பகுதியில் 15 ஆஸ்பத்திரிகள், 208 டொக்டர்கள். நூலகம் தேடிக் கொடுத்த தகவலால் நோயாளியைக் கவனித்த விதத்தில் ஏதோ ஒன்றை மாற்றினோம் என்று ஏறக்குறைய 80 சதவீதம் பேர் சொன்னார்கள். முழுக் கட்டுரையும் இணையத்தில் இலவசம். முதல் பக்கத்தை பிரின்ட் எடுத்துக் கொண்டு போங்கள். நான் இங்கே ஒரு பதவியைக் காப்பாற்ற அதைத்தான் கொண்டு போனேன்.

பட்டியல்அட்டை

ரமணன் தம்பி, நீர் சொன்னது சரி. தனிச் சான்றிதழ் வேண்டும் என்று நானும் பல கூட்டங்களில் கேட்டவள்தான். ஆனால் துஷியிடம் அந்த ஹட்டன் பிள்ளை நாளைக்கும் வருவாள். சான்றிதழ் வரும்வரை அவளை என்ன செய்வது? அதனால்தான் கொப்பியைச் சொன்னேன்.

டொக்டர் தம்பி சொன்ன அந்த அச்சுத் தொகுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' 1879இல் தொடங்கியது, அச்சில் 2004 வரை வந்தது. என் கையால் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கிறேன். ஒரு தொகுதியைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். கணினி வந்த பிறகு பல இடங்களில் அதைக் கட்டுக் கட்டாகக் கட்டி வெளியே வைத்ததைப் பார்த்தபோது எனக்குத் தாங்க முடியவில்லை. மிகப் பழைய கட்டுரை வேண்டுமென்றால் அதிலும் தேட வேண்டும் என்று சொல்லித் தரக்கூடியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறோம்.

துஷி_வெள்ளவத்தை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று நாளாகப் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன்.

கொப்பி வாங்கிவிட்டேன். முதல் கேள்வி அந்தப் படுக்கைப் புண். பிள்ளையைக் கூப்பிட்டு பட்டியல்அட்டை மிஸ் சொன்ன மாதிரித் திருப்பிக் கேட்டேன். யாருக்கு? எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் வயதானவர்களுக்கு. எதோடு ஒப்பிட? 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புவதையும் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புவதையும். என்ன பார்க்க? புண் வருகிறதா இல்லையா என்று. அவளுக்கே தன் கேள்வி அப்போதுதான் தெளிவானது என்று சொன்னாள். மெஷில் "பிரஷர் அல்சர்" என்ற தலைப்பைக் கண்டுபிடித்தேன். பழைய பெயர்கள் அதற்குக் கீழேயே இருந்தன. எழுமாறாகப் பிரித்துச் செய்த ஆய்வுகளும், அப்படியான ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்றும் கிடைத்தன. மீளாய்வைத் தயாரித்தவர்கள் தாங்கள் தேடிய சொற்களைக் கடைசியில் வரிவரியாகப் போட்டிருக்கிறார்கள். என் கொப்பியின் வலதுபக்கம் மாதிரியே இருந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. விரிவுரையாளர் இந்த முறை திருப்பி அனுப்பவில்லை. "யார் தேடித் தந்தது?" என்று கேட்டாராம்.

மூன்றாவது மட்டத்துக்குப் பதியப் போகிறேன். அதிபர் திங்கட்கிழமை நேரம் தந்திருக்கிறார், ரொசெஸ்ரர் கட்டுரையின் முதல் பக்கம் பையில் இருக்கிறது. ஹினாரி பற்றியும் கேட்பேன்.

மிஸ், ஒரு கேள்வி. இரண்டாவதாக ஒரு பிள்ளை "சீனி வருத்தக்காரரின் கால் புண்" என்று கேட்டிருக்கிறாள். நான் நீரிழிவு, கால், புண் என்று மூன்றையும் தனித்தனியாகத் தேடிச் சேர்த்தேன். ஆயிரக்கணக்கில் வந்து நிற்கிறது. எங்கே வெட்டுவது?

பட்டியல்அட்டை

மூன்றையும் தனியாகப் போட வேண்டாம். "டயபெட்டிக் ஃபூட்" என்று அதற்கே ஒரு மெஷ் தலைப்பு இருக்கிறது, அங்கிருந்து தொடங்கும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் கேட்டீரா? புண்ணுக்கு மருந்து கட்டுவதா, புண் வராமல் தடுப்பதா, காலை எடுக்க வேண்டி வருவதா? கேட்டுவிட்டு எழுதும். நான் சனிக்கிழமை பகல் வெள்ளவத்தைக்கு என் தங்கச்சி வீட்டுக்கு வருகிறேன், கொப்பியைக் கொண்டு வந்தால் இருந்து பார்க்கலாம். தனிச்செய்தியில் நேரம் போடும்.